மதுரையில் இறங்குவது எந்தக் கிழமை?

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் விமான டிக்கெட் விற்கும் முகவர்களுக்கு, கீழக்கரையிலிருந்து ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன் எழுதுவது. வணக்கமும் ஸலாமும்.

என் அண்ணன் மவுத்தான (இறந்த) அன்று, துபாயிலிருந்து வரவேண்டிய அவர் மகனுக்கு நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். யார் டிக்கெட் போட்டது என்று இங்கே சொல்லப்போவதில்லை.

வகுப்பில் பூகோள உருண்டையின் மேல் நூல் பிடித்து அளக்கச் சொல்வேன். துபாய்க்கும் மதுரைக்கும் நடுவே ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். நேரே பறந்தால் நான்கு மணி நேரம். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பின்னால் தள்ளினால் இன்னும் சற்றுக் குறையும். “நாலு மணி நேரம்தான், சார்” என்று உங்களில் ஒருவர் போனில் சொன்னதும் இதைத்தான். கணக்கில் பிழையில்லை. விற்றதுதான் வேறு விமானம்.

வந்த சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: புறப்பாடு 11.05, வருகை 07.40. மாலை 7.40 என்று நினைத்தோம். இரவு பதினொன்றுக்குள் அண்ணன் மகன் வந்துவிடுவான் என்று மையத்தை, அதாவது அண்ணன் உடலை, ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். மாலை அஸர் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் போன் வந்தது. “சாச்சா, நான் மும்பையில் இருக்கிறேன். அடுத்த விமானம் விடியற்காலைதானாம்.” அங்கேயே இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். பிறகுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைப் பார்த்தேன். 07.40-க்குப் பக்கத்தில், எறும்பு அளவில், +1. அதாவது மறுநாள் காலை. துபாய்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அதையும் கழித்தால் மொத்தம் 19 மணி 5 நிமிடம்.

அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு அடக்கினோம். மகன் மறுநாள் மையவாடிக்கு நேராக வந்து, ஈரம் காயாத மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. சீட்டின் தலையில் தமிழில் எழுதுங்கள்: மொத்தப் பயணம் இத்தனை மணி, மதுரையில் இறங்குவது இன்ன கிழமை.

உங்களை மட்டும் குறை சொல்லி என்ன? 1964 புயலுக்கு முன்பு தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால் தலைமன்னார். இன்று அதே இலங்கைக்கு விமானத்தில் போக முதலில் வடமேற்கே மதுரைக்கு ஓட வேண்டும். உச்சிப்புளியில் ஓடுதளம் இருக்கிறது. அது கடற்படையின் ‘பருந்து’ விமானத் தளத்துக்கு. ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்று 2025-26 மாநில பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதில் ஏறும் பாக்கியம் என் பேரன்களுக்காவது வாய்க்கட்டும். உங்கள் கடைச் சுவரில் துபாய், ஜித்தா, கோலாலம்பூர் என்று மூன்று கடிகாரங்கள். போன வாரம் பார்த்தேன், மூன்றும் ஒரே நேரத்தைக் காட்டின.

மன்னிக்கவும், விஷயத்தை விட்டு எங்கோ போய்விட்டேன். மொத்த மணி, இறங்கும் கிழமை, இரண்டையும் தயவுசெய்து தமிழில் எழுதித் தாருங்கள். எழுத நேரமில்லை என்றால் ரப்பர் ஸ்டாம்ப் என் செலவில் செய்து தருகிறேன்: ‘மொத்தம் ___ மணி. இறங்குவது ___க்கிழமை.’ எத்தனை வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.