கேரக்டர் செத்துவிட்டதா இல்லையா: பகடை மேசைச் சண்டைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் ரோல்-பிளேயிங் விளையாட்டுகளில், நல்ல நண்பர்கள்கூட மனம் கசந்து எழுந்துபோகும் இடம் ஒன்று உண்டு. ஒருவர் ஏற்று ஆடும் கதாபாத்திரம், அதாவது அவருடைய கேரக்டர், செத்துப்போகிறது. அந்தச் சாவு செல்லாது என்கிறார் அவர். மாதக்கணக்கில் வளர்த்த கேரக்டர் என்பதால் அந்த வருத்தம் நிஜமானது. "விளையாட்டுதானே, விடு" என்று தேற்றப் போனால் கோபம்தான் கூடும். ஆனால் அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள்: சாவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் ஏதோ தவறாக நடந்துவிட்டது என்பதே அவருடைய குறையாக இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தைச் சரியாக நடத்துவது எப்படி என்பதற்காகவே இக்கடிதம்.

முதலில் கணக்கு. 1974-இல் வந்த டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டத்தின் முதல் பதிப்பில், ஹிட் பாயிண்ட், அதாவது கேரக்டரின் உயிர்ப் புள்ளி, 0 ஆனால் கதை முடிந்தது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் 0 என்றால் மயக்கம். அதன்பிறகு தன் முறை வரும்போதெல்லாம் 20 பக்கப் பகடையை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி, கீழே விழுந்தால் தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி சேர்ந்தால் மரணம். 1 விழுந்தால் இரண்டு தோல்வி. 20 விழுந்தால் 1 ஹிட் பாயிண்டோடு கண் விழிக்கலாம். இதுவரை சொன்னதில் யாரும் சண்டை போடுவதில்லை. அடுத்து வரும் இரண்டு விதிகள்தான் மேசையைக் கலைப்பவை.

ஒரு கேரக்டரின் முழு ஹிட் பாயிண்ட் 12, கையில் இருப்பது 5 என்று வையுங்கள். 17 ஹிட் பாயிண்ட் போகும் அடி விழுகிறது. 5 போக மிச்சம் 12. மிச்ச அடி முழு அளவுக்குச் சமமாகவோ அதற்கு மேலோ இருந்தால் பகடைக்கே வேலையில்லை, அந்த இடத்திலேயே மரணம். அடி 16 ஆக இருந்திருந்தால் வெறும் மயக்கம். புதிதாக ஆட வருபவர்களின் முதல் நிலைக் கேரக்டர்கள் இப்படித்தான் போகின்றன. அப்படி ஒரு விதி இருப்பதே அவர்களுக்கு அப்போதுதான் தெரியவருகிறது. இரண்டாவது விதி, மயங்கிக் கிடப்பவரை ஐந்தடிக்குள் நின்று தாக்குவது. அடி பட்டால் அது தானாகவே கிரிட்டிக்கல், அதாவது மிகக் கடுமையான அடி; இரண்டு தோல்வி சேரும். ஏற்கெனவே ஒரு தோல்வி இருந்தால், அவர் பகடையைத் தொடும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். "என் முறையே வரவில்லையே" என்ற புலம்பல் பிறப்பது இங்கேதான்.

ஆகவே சாவு என்று அறிவிக்கும் முன் ஆட்டத்தைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். கடைசிச் சுற்றை முறை வாரியாகப் பின்னோக்கிப் பாருங்கள். தற்காலிக ஹிட் பாயிண்ட் முதலில் கழிக்கப்பட்டதா? அந்த வகை அடிக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் பாதியாக்கினீர்களா? 'பிளெஸ்' மந்திரம் மேலே இருந்தால் மரணப் பகடையோடும் ஒரு 4 பக்கப் பகடையைக் கூட்ட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். 2014 விதிப்படி ஹாஃப்லிங் இனத்தார் 1 விழுந்தால் மறுபடி உருட்டலாம். ஹாஃப்-ஆர்க், உடனடி மரணம் அல்லாத அடி என்றால், நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை 0-க்குப் பதில் 1-இல் நிற்கலாம். இதில் எது விடுபட்டிருந்தாலும் அங்கேயே திருத்த வேண்டும், கெஞ்ச வைக்கக் கூடாது. அதே பிழை அடுத்த வாரம் தெரியவந்தால் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டுவது சரிவராது. அதன்மேல் மற்றவர்கள் எடுத்த முடிவுகள் எல்லாம் சரிந்துவிடும். தவறை ஒப்புக்கொண்டு, கேரக்டர் திரும்பிவர கதைக்குள்ளேயே வழி செய்வது, கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவரின் கடமை.

கணக்கு சரியாக இருந்தும் சண்டை வருகிறது என்றால், இருவர் மனதிலும் இருந்த காட்சி வேறு வேறு. நடத்துபவர் "ஆழமான பள்ளம்" என்கிறார். ஆடுபவர் இருபதடி என்று நினைத்துக் குதிக்கிறார். விழும் ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு 6 பக்கப் பகடை என்பது விதி. இருபதடிக்குச் சராசரியாக 7 ஹிட் பாயிண்ட் போகும், தாங்கிக்கொள்ளலாம். நடத்துபவர் நினைத்தது நூறடி; பத்துப் பகடை, சராசரி 35. குதித்தவர் முட்டாள் அல்ல, அவருக்கு எண் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். "நூறடி இருக்கும், விழுந்தால் பத்துப் பகடை, குதிக்கிறாயா?" என்று கேட்டுவிட்டு உருட்டச் சொன்னால், பிறகு வரும் சாவு அவருடைய சொந்த முடிவாகிவிடும். எவ்வளவு போகும் என்பதைப் பகடை விழுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்வதைவிடச் சிறந்த மருந்து இந்த விஷயத்தில் இல்லை.

நடத்துபவர் தன் மறைப்புத் திரைக்குப் பின்னால் உருட்டிய பகடையை மாற்றிச் சொல்லிக் கேரக்டரைக் காப்பாற்றுவது கருணைதான் என்று பலர் வாதிடுவார்கள். ஏற்க முடியவில்லை. ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால், அதுவரை ஜெயித்த சண்டைகள் எல்லாம் பிச்சையாகத் தோன்றும், அடுத்து காப்பாற்றப்படாதவர், "அவனுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்பார், அதற்குப் பதில் இருக்காது. உயிர் போகும் பகடையையாவது எல்லோர் கண் முன்னும் உருட்டுங்கள்.

எந்த ஆட்டம் என்பதையும் பார்க்க வேண்டும். 1984-இல் வந்த பாரனோயா என்ற ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஆறு உடல்கள். செத்தால் சிரித்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். ஃபேட் என்ற ஆட்டத்தில் தோற்பவர் பகடைக்கு முன்பே விட்டுக்கொடுத்து, தான் எப்படி விழுகிறோம் என்பதில் தன் சொல்லையும் சேர்க்கலாம். ஒன்றின் பழக்கத்தோடு இன்னொன்றில் உட்காருபவர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். அதனால் ஆட்டம் தொடங்கும் முன் நடக்கும் 'செஷன் ஜீரோ'வில் மூன்று கேள்விக்கு விடையை எழுதி வைத்துவிடுங்கள்: இங்கே கேரக்டர் சாகலாமா, எதிரிகள் மயங்கிக் கிடப்பவரை அடிப்பார்களா, ஆடுபவர் ஒருவர் செயலால் இன்னொருவர் கேரக்டர் சாகலாமா. கடைசிக் கேள்விக்கு விடை இல்லாத மேசையில், தோழர்களும் நிற்கும் இடத்தில் ஒருவர் நெருப்புக் கோளம் வீசும் நாளில் நட்பே முறியும்.

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸில் உயிர்ப்பித்தலிலும் கணக்கு உண்டு. 'ரிவிவிஃபை' மந்திரம் செத்து 1 நிமிடத்துக்குள் நடந்தாக வேண்டும், அதாவது பத்துச் சுற்று. 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும். கேரக்டர் விழுந்த சுற்றிலிருந்து தாளில் கோடு போட்டு வராவிட்டால் ஒன்பதா பதினொன்றா என்று இன்னொரு வழக்கு தொடங்கும். பத்து நாள் வரை எழுப்பும் 'ரெய்ஸ் டெட்'டுக்கு 500 பொற்காசு வைரம் தேவை. போன ஆன்மா வர விரும்பவும் வேண்டும். இந்த விதியை அப்படியே மனிதருக்கும் பொருத்தலாம். சிலருக்கு அந்த முடிவு பிடித்திருக்கும். மற்றவர்கள் பாசத்தில் வைரத்தை எடுக்கும் முன், அந்தக் கேரக்டரை ஆடியவரிடம் தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள்.

வேண்டாம் என்று அவர் சொன்னால், அன்றைக்கே அரை மணி நேரத்துக்குள் அவர் கையில் ஆட ஏதாவது இருக்க வேண்டும். கூட வரும் காவலாளியோ வழிகாட்டியோ போதும். புதுக் கேரக்டர் மற்றவர்களின் நிலையிலேயே தொடங்கட்டும். செத்தவரின் வாளும் கவசமும் என்னவாகும் என்பதை அது வருவதற்கு முன்பே பேசி முடியுங்கள். புதியவர் தனக்கான பொருட்களோடு வந்து, பழையவருடையதையும் வாரிக்கொண்டால், ஒரே நாற்காலிக்கு இரட்டைப் பங்கு போய்ச் சேரும்.

இப்படிக்கு,
பகடை மேசை நடத்துநர் ஒருவர்