வேளாங்கண்ணிக்கு ஆட்களை நடத்திப்போகும் அண்ணன்மாருக்கு

மரியே வாழ்க!

ஆகஸ்ட் 29 கொடியேற்றம் நெருங்கினால் காவி உடுத்தி, சப்பர வண்டியை முன்னால் விட்டுக்கொண்டு, ஊர் ஊராக ஜனங்களைக் கூட்டிப்போகும் குழுத் தலைவர்களே, இந்த மடல் உங்களுக்குத்தான். கோவிலுக்கும் எழுதவில்லை, ஆயருக்கும் எழுதவில்லை. நடக்கிற வழியில் ஜனங்கள் கேட்பது உங்கள் பேச்சை.

என் அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. ஆறு வயதிலிருந்து வலிப்பு. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. அவனுக்காக அக்கா நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டாள். திருச்சியிலிருந்து ஒரு குழுவோடு மூன்று பேரும் கிளம்பினோம். எனக்கு நம்பிக்கை பாதி, அக்காவைத் தனியே விட மனசில்லாதது பாதி.

தஞ்சாவூர் தாண்டி ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் படுத்திருந்தோம். அக்கா மாத்திரை அட்டையைப் பிதுக்கும் சத்தம் கேட்டு எங்கள் தலைவர் திரும்பினார். “மாதாகிட்ட போறப்ப இது எதுக்குத் தங்கச்சி? பாதி நம்பிக்கை வச்சா பாதிதான் கிடைக்கும்.” அவ்வளவுதான். அதட்டவில்லை, பாசமாகத்தான் சொன்னார். அக்கா மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டதை நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். அந்தத் தப்பு என்னுடையது.

மூன்றாம் நாள் காலை, நீடாமங்கலத்துக்கு முன்னால், டீக்கடை ஓரத்தில் பையன் விழுந்தான். வழக்கமாக இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடும்; அன்றைக்கு அடங்கவில்லை. 108 வந்து ஊசி போட்ட பிறகுதான் கை கால் ஓய்ந்தது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இப்படி விடாமல் வரும், உயிரே போகலாம் என்று டாக்டர் சொன்னார். பிழைத்துவிட்டான்.

சாயந்திரம் தலைவர் பார்க்க வந்தார். கையில் சாத்துக்குடி. போகும்போது, “எங்கயோ விசுவாசத்துல குறை இருக்கு, நல்லா ஜெபம் பண்ணு” என்றார். மாத்திரை விஷயத்தை அக்கா என்றோ மன்னித்துவிட்டாள். இந்த ஒரு சொல் மட்டும் இன்னும் அவளை விடவில்லை. ராத்திரி எழுந்து உட்கார்ந்து, தான் எந்த இடத்தில் சந்தேகப்பட்டோம் என்று தேடுகிறாள்.

அண்ணே, வேளாங்கண்ணி நடுத்திட்டில் மோர் விற்ற பையன் கதையை வழியெல்லாம் மைக்கில் சொல்கிறீர்களே. கால் ஊனமான பையன். கையிலிருந்த குழந்தைக்கு மோர் கேட்ட மாதாவுக்கு ஊற்றிக் கொடுத்தான். நாகப்பட்டினத்துக்குப் போய் நான் வந்ததைச் சொல்லிவிட்டு வா என்று அவள் அனுப்பினாள், எழுந்து ஓடினான். தன்னைக் குணமாக்கும்படி அவன் கேட்டதாகக் கதையில் இல்லை. அவன் விசுவாசத்தை யார் எடை போட்டார்கள்?

பிரான்சில் இருக்கும் லூர்து நகரைப் பாருங்கள். 1858இல் அங்கே மாதாவைக் கண்ட பெர்னதெத்துக்கு ஆஸ்துமா. பின்னால் எலும்பிலும் காசநோய் வந்து, 1879இல் முப்பத்தைந்து வயதில் இறந்துபோனார். அவருக்கா விசுவாசம் குறைவு? அங்கே யாராவது குணமடைந்ததாகச் சொன்னால் ஆராய்வதற்கென்றே 1883 முதல் ஒரு மருத்துவ அலுவலகம் இருக்கிறது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் தாங்கள் குணமடைந்ததாக அங்கே பதிந்திருக்கிறார்கள். 2018 வரை புதுமை, அதாவது அற்புதம், என்று திருச்சபை ஏற்றது எழுபதை மட்டும். அத்தனை நிதானமாக இருக்கிறது திருச்சபை. நாம் ஏன் பள்ளிக்கூட வராந்தாவில் தீர்ப்பு எழுத வேண்டும்? நம் பைபிளிலேயே சீராக் ஞான நூல் 38ஆம் அதிகாரம் இருக்கிறது. மருத்துவரை மதி, மருந்தும் ஆண்டவர் படைத்ததே என்கிறது. அதையும் ஒருநாள் மைக்கில் வாசியுங்கள்.

அதே வருஷம் பஸ் பிடித்து வேளாங்கண்ணி போனோம். காணிக்கைக் கூடத்தில் வெள்ளிக் கை, வெள்ளிக் கால், வெள்ளிக் கண், நன்றிக் கடிதங்கள். நான் அதையெல்லாம் பொய்யென்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் நானும் முழங்காலில் போனேன், ஏனென்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் கேட்டும் கிடைக்காதவர்கள் வைத்துவிட்டுப் போக அந்தக் கூடத்தில் பொருள் ஏதும் இல்லை. உங்கள் சாட்சி மேடையிலும் அவர்களுக்கு மைக் கிடைப்பதில்லை. ஒரு ராத்திரியாவது கொடுங்களேன். இருபது வருஷமாக நடக்கிறேன், இன்னும் குணமாகவில்லை, அடுத்த வருஷமும் வருவேன் என்று சொல்ல ஒரு கிழவியாவது இருப்பாள்.

அப்புறம், சில்லறை விஷயங்கள். பெயர் எழுதும்போதே யாருக்கு என்ன நோய், என்ன மருந்து என்று எழுதி வாங்குங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு வண்டியில் ஒரு ஐஸ் பெட்டி வேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களைச் செருப்பில்லாமல் நடக்கவிடாதீர்கள். தார் ரோடு சுடுவது அவர்களுக்குத் தெரியாது, கொப்புளம் புண்ணான பிறகுதான் தெரியும். ராத்திரி ஜெபமாலை முடிந்ததும், “மாத்திரை போட வேண்டியவங்க போட்டாச்சா?” என்று மைக்கில் கேளுங்கள். நீங்கள் கேட்டால் போடுவார்கள்.

அக்கா இந்த வருஷமும் பெயர் கொடுக்கப் போகிறாள். அதே குழுவில்தான், வேறு குழு வேண்டாமாம். பையனுக்கு ராத்திரி மாத்திரை எட்டு மணிக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு. பந்தி கொஞ்சம் முந்தி வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்களோடு நடந்த ஒருவன்
திருச்சி