கோவிந்துவுக்கு ஒரு மூங்கில் கம்புக் கதை

அன்புள்ள கோவிந்து,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை என்று தங்கச்சி என் வீட்டுக்காரியிடம் குறைப்பட்டாளாம். இதோ எழுதிவிட்டேன், கணக்கு தீர்ந்தது. இங்கே எல்லோரும் நலம். என் மூட்டுவலி என்னைவிட நலம்.

பேத்தி யாழினிக்கு இந்த வருடம் பி.எஸ்.எல்.இ., அதுதான் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. வீடே பரீட்சை எழுதுகிறது. டியூஷனில் கொடுத்த தாளில் ஒரு கேள்வி: நிழல் எப்போது மிகக் குட்டையாக இருக்கும்? விடை, பகல் 12 மணி. இவள் என்னிடம் வந்து, "தாத்தா, பன்னிரண்டு மணிக்குத் திடலில் நின்றால் என் நிழல் முழங்கால் உயரத்துக்கு விழுதே?" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை சந்தோஷத்தில். நாற்பது வருடம் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவனிடம் இப்படிக் கேட்கலாமா!

மார்ச் விடுமுறையில், துணி காயப்போடும் பழைய மூங்கிலில் ஒரு மீட்டர் அறுத்து, புளோக்குக்குக் கீழே புல்தரையில் நட்டோம். நேராக நிற்கிறதா என்று பார்க்க, நூலில் வீட்டுச் சாவியைக் கட்டித் தொங்கவிட்டாள். பன்னிரண்டு மணிக்கு நிழல் 32 சென்டிமீட்டர். அப்புறம் குறைந்துகொண்டே போய், ஒரு மணி தாண்டிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கம்பின் காலடியில் ஒட்டிக்கொண்டது. அந்த வழியாக வந்த ஒரு பாட்டி, கம்பைச் சுற்றிக் குந்தியிருந்த எங்களைப் பார்த்து, ஏதோ பரிகாரம் செய்கிறோம் என்று ஒதுங்கிப் போனார்.

காரணம் உனக்கே தெரியும். சிங்கப்பூர் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகைக்குச் சற்றுக் குறைவில். கடிகாரம் ஓடுவதோ 120 பாகைக்கு உரிய நேரத்தில். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வர ஒரு மணிக்கு மேல் ஆகிறது. 1981 கடைசி இரவு முள்ளை அரை மணி முன்னால் தள்ளியது நினைவிருக்கிறதா? மலேசியா மாற்றியது, நாமும் மாற்றினோம். அரை மணி தூக்கம் போச்சே என்று உன் அப்பா அரசாங்கத்தைத் திட்டினார். அதோடு மார்ச்சில் சூரியனும் ஏழெட்டு நிமிடம் தாமதம்.

சரி, விஷயம் அதுவல்ல. இவளோடு படிக்கும் இரண்டு பிள்ளைகளும் தங்கள் வீட்டருகே அளந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு மணிக்கு மேல்தான் வந்தது. ஆனால் தாளில் 12 என்றே எழுதிவிட்டார்கள், மதிப்பெண் போய்விடுமாம். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? பெரியவர்களே செய்ததுதான். அமெரிக்க பௌதிக விஞ்ஞானி ஃபைன்மன் 1974இல் கால்டெக் பல்கலைக்கழகத்தில் பேசியபோது மில்லிகன் கதையைச் சொன்னார். எண்ணெய்த் துளியை வைத்து எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தாரே, அவர்தான். காற்றின் பாகுநிலைக்கு, அதாவது அதன் பிசுக்குத் தன்மைக்கு, தவறான மதிப்பை எடுத்ததால் அவர் கண்ட எண் கொஞ்சம் குறைவு. பின்னால் அளந்தவர்கள் ஒரே தாவலில் சரியான எண்ணுக்குப் போகவில்லை. ஒருவருக்குப் பின் ஒருவராக, சிறிது சிறிதாக ஏறினார்கள். மில்லிகன் சொன்னதைவிட அதிகமாக வந்தால், எங்கே தப்பு என்று தேடித் தேடிக் குறைத்தார்கள். அவர் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் தேடவே இல்லை. நோபல் வாங்கிய ஆளின் எண்ணை யார் மறுப்பது! முதலில் உன்னை நீயே ஏமாற்றிக்கொள்ளாதே, ஏமாற்றுவதற்கு உன்னைப்போல் எளிய ஆள் கிடையாது என்று அதே பேச்சில் சொன்னார். அதை நான் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று பழைய மாணவர்களைக் கேள், கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்வார்கள்.

நீயோ காலையில் எழுந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாய்: டாக்டரைச் சந்தேகப்படு, தடுப்பூசியைச் சந்தேகப்படு, விஞ்ஞானமே சந்தேகம்தானே என்று. ரொம்ப சரி. ஆனால் அனுப்புமுன் அந்தச் செய்தியையும் ஒரு தரம் சந்தேகப்பட்டால் உன் விரல் தேய்ந்தா போகும்?

சிரிக்காதே. செல்வம் போன மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான், அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். யாரோ அனுப்பியதைப் படித்துவிட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தி, ஏதோ பொடி குடித்திருக்கிறான். முதல் வாரம் வெறும் வயிற்றில் பார்த்த அளவு இறங்கியதாம். இறங்காமல்? அதே வாரம் சோற்றையும் இனிப்புத் தேத்தண்ணியையும் அல்லவா நிறுத்தியிருந்தான்! மருந்து, சாப்பாடு இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, புகழை மட்டும் பொடிக்குக் கொடுத்துவிட்டான். அப்புறம் பழையபடி சோறு, தேத்தண்ணி. அளவு ஏறியபோது கருவி பழுது என்றான். இறங்கியபோது கருவி சரியாக இருந்ததாம்! கால் கட்டைவிரலில் செருப்புக் கடித்த புண் கறுத்துப் போகும்வரை யாரிடமும் காட்டவில்லை. விரலைக் காப்பாற்றிவிட்டார்கள். வாசலில் அவன் மனைவி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு அவன்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அந்தச் செய்தியை அனுப்பியது நீயா என்று நான் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை.

அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இவன் போகமாட்டேன் என்கிறான். நான் பேசினால் வாத்தியார் பாடம் எடுக்கிறார் என்று காதைப் பொத்திக்கொள்கிறான். நீ ஃபோன் போடு. மாத்திரைப் பேச்சை எடுக்காதே. செம்பவாங் சைக்கிள் விஷயத்தை அவன் மனைவியிடம் சொல்லிவிடுவேன் என்று மட்டும் சொல், டாக்ஸி பிடித்தாவது போய்விடுவான்.

உன்,
ராமு