இருள்காலத்து வியாழன்கள்: எங்கள் மாதர் கைவேலை வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–2025

தலைவர் அக்காவுக்கும் வந்திருக்கும் அங்கத்தவர் எல்லோருக்கும் வணக்கம்.

போன பொதுக்கூட்டத்தில் நாம் எடுத்த பெரிய முடிவு ஒன்றே ஒன்றுதான். சூரியன் தலைகாட்டாத இருள்காலத்தையொட்டி, நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி கடைசிவரை மேடை நிகழ்ச்சி எதுவும் வைப்பதில்லை. ஒத்திகை, மண்டப அலைச்சல் எல்லாம் வெளிச்சமுள்ள மாதங்களுக்கு. இருட்டில் வியாழன் மாலைகளில் கூடுவோம், பின்னுவோம், ஏதாவது பலகாரம் சுடுவோம், அவ்வளவுதான். “அப்ப வட்டம் இரண்டு மாசம் நித்திரையோ?” என்று அன்றைக்கே ஒரு குரல் வந்தது. இந்த அறிக்கையை அந்தக் குரலுக்குப் பதிலாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

புது அங்கத்தவர்களுக்காக ஒரு விளக்கம். வட நோர்வேயில் நாம் இருக்கும் ட்ரொம்சோவில் நவம்பர் 27 அளவில் போகும் சூரியன் ஜனவரி 15 அளவில்தான் அடிவானத்துக்கு மேலே வருகிறது. முழு இருட்டென்று பயப்பட வேண்டாம், மத்தியானத்தில் சில மணி நேரம் நீல வெளிச்சம் இருக்கும். இந்த ஊர்க்காரர் இருட்டோடு மல்லுக்கட்டுவதில்லை. ஜன்னலில் விளக்கு வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, மடியில் நூலுருண்டையோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தச் சுகத்துக்குக் ‘கூஷெலி’ என்று ஒரு சொல்லும் வைத்திருக்கிறார்கள். நாம்தான் வேலை, வகுப்பு, விழா என்று ஓடி, ஜனவரியில் காய்ச்சலோடு படுத்தோம்.

இம்முறை எல்லோரும் பின்னியது செல்பு கையுறை. 1857இல் செல்பு என்ற ஊரில் மாரித் எம்ஸ்டா என்ற பதின்வயதுப் பெண் கறுப்பு, வெள்ளை இரண்டு நூலில் எட்டிதழ் நட்சத்திரம் வைத்துப் பின்னியது, பிறகு நோர்வே முழுவதும் பரவிவிட்டது. இரண்டு நூலும் சேர்ந்தே ஓடுவதால் கையுறை இரட்டைத் தடிப்பு, அதுதான் சூடு. கட்டம் போட்ட தாளில் மாதிரியைப் பார்த்ததும், “இது கோலம்தானே” என்று கேட்டவர்கள் வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். செயலாளரின் இடது கையுறை இன்னும் பெருவிரலுக்கு வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஒரு சகோதரி முடித்த சோடியை 60 பாகை வெந்நீரில் மெஷினில் போட, அது பொம்மைக்கு அளவாகச் சுருங்கி வந்தது. அழவேண்டாம் என்றோம். இங்கே மீனவர் கையுறைகளை முதலிலேயே பெரிதாகப் பின்னி, வேண்டுமென்றே சுருக்கித்தான் போடுவார்களாம். சுருங்கச் சுருங்கக் காற்று உள்ளே போகாது. அடுத்த சோடியை அவர் பெரிதாகத் தொடங்கியிருக்கிறார்.

பலகாரப் பக்கம்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. நத்தாருக்கு ஏழு வகை சுடுவது இந்த நாட்டு வழக்கம். அதில் ‘ரொசெத்தர்’ என்பதைப் பார்த்ததும் நமக்கு வாய் மூடவில்லை. சூடான எண்ணெயில் இரும்பு அச்சைக் காய்ச்சி, மாவில் தோய்த்து, திரும்ப எண்ணெயில் விடுவது. நம் கொக்கிஸ்தானே! அவர்களுக்குக் கோதுமை மாவும் முட்டையும் பாலும், நமக்கு அரிசி மாவும் தேங்காய்ப்பாலும். ஊரிலிருந்து ஒரு அம்மா கொண்டுவந்த பழைய அச்சில் இரண்டையும் சுட்டோம். இரண்டும் வந்தன, புகை எச்சரிக்கை மணியும் அடித்தது. பணிஸிலும் கதை அப்படித்தான், நோர்வேப் பணிஸுக்கு வாசமே ஏலக்காய்தான். டிசம்பர் 13, புனித லூசியாவின் நாளுக்குச் சுடும் மஞ்சள் பணிஸில் குங்குமப்பூ போட வேண்டும். அதன் விலைக்குப் பயந்து பல வீடுகளில் மஞ்சள்தூள் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் பொருளாளரின் முகம் மலர்ந்தது.

ஒவ்வொரு வியாழனும் முதல் அரைமணி நேரம் பேச்சில்லை, கைபேசியில்லை என்றொரு விதி வைத்தோம். முதல் மூன்று கிழமையும் விதி தோற்றது. நாலாவது கிழமை எப்படியோ ஊசிச் சத்தம் மட்டும் கேட்டது. அரைமணி முடிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் கூட்டங்களில் அதிகம் பேசாத ஒரு அம்மா தொடங்கினார். எண்பதுகளில் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைக்கு வந்தது, முதல் இருள்காலத்தில் விடிந்துவிட்டதா என்று மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் மீன் வெட்டிய நோர்வே அம்மா தேநீர் இடைவேளையில் ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் சொன்னார். பாஷை தெரியாததால் கையைப் பிடித்தே காட்டினாராம். சொன்னதை எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார், ஆனால் அவசரப்படுத்தக் கூடாதாம்.

அப்புறம், பொங்கல். இதில் மனத்தாங்கல் இருப்பது தெரியும். ஜனவரி 14 அன்று இங்கே யாருக்குப் பொங்குவது? 15 அளவில் வரும் சூரியனையும் மலை மறைத்துவிடுவதால், நகருக்கு அது முகம் காட்டுவது 21இல்தான். அன்று ஊரே சூரியப் பணிஸ் வாங்கி உண்கிறது, ஜாம் வைத்துப் பொரித்த பணிஸ். ஆகவே வீட்டுப் பொங்கல் அவரவர் விருப்பம், வட்டத்தின் பொங்கல் ஜனவரி 25 சனிக்கிழமை என்று வைத்தோம். நாள் தவறு என்று வராமல் இருந்தவர்களின் கருத்தையும் குறித்துக்கொண்டேன். வந்தவர்கள் பானையை ஜன்னலோரம் வைத்துப் பொங்கி, பணிஸும் சாப்பிட்டார்கள். அன்று முகில் என்பதால் சூரியனை யாரும் காணவில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மண்டப வாடகை இல்லாததால் நீளமிராது. கடைசியாக ஒன்று: வட்டத்துக்குச் சொந்தமான மூன்று மில்லிமீட்டர் வட்ட ஊசி இரண்டும், அந்த அம்மாவின் கொக்கிஸ் அச்சும் யாரோ வீட்டில் இருக்கின்றன. அடுத்த வியாழனுக்குள் கொண்டுவந்து தாருங்கள். அச்சைக் கழுவ வேண்டாம், எண்ணெய்ப் பிடிப்பு போய்விடும்.

செயலாளர்