தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கின் வசதியான சாண்டன் பகுதியில் வேலை பார்க்கும் தமிழ் நண்பர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

போன ஞாயிறு பிறந்தநாள் விருந்தில் ஒருவர் கேட்டார்: "நிறவெறி ஒழிஞ்சு முப்பது வருஷமாச்சு, இன்னுமா அதையே சொல்லிட்டிருப்பாங்க?" எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். வீடு திரும்பியதும் அது உறுத்தியது.

என் வீட்டில் வேலை செய்யும் அம்மா நகரின் இன்னொரு கோடியில், கறுப்பர்கள் வாழும் சோவெட்டோவில் உள்ள மெடோலாண்ட்ஸிலிருந்து வருகிறார். ஏழு மணிக்கு இங்கே இருக்க வேண்டுமென்றால் விடியுமுன்னே கிளம்பி இரண்டு டாக்சி மாற வேண்டும். டாக்சி என்றால் நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரி ஓடும் வேன். பின்சீட்டுக் காசு கைமாறி முன்னால் போகும். டிரைவர் பக்கத்தில் இருப்பவர்தான் எண்ணிச் சில்லறை தர வேண்டும். கணக்கில் மந்தமானவர்கள் அங்கே உட்காரக் கூடாது!

அவருடைய பாட்டிக்கு ஜோகன்னஸ்பர்க் நகருக்குள்ளேயே, சோஃபியாடவுன் என்ற பகுதியில் சொந்த வீடு இருந்ததாம். கறுப்பர்கள் மனை வாங்க முடிந்த மிகச் சில இடங்களில் அது ஒன்று. 1955 பிப்ரவரியில் போலீஸ் வந்து ஆட்களை லாரியில் ஏற்றி மெடோலாண்ட்ஸில் இறக்கத் தொடங்கியது. அங்கே வாடகைக்குத்தான் இருக்கலாம். சோஃபியாடவுனை இடித்து வெள்ளையர்களுக்கு வீடு கட்டி 'டிரியோம்ஃப்' என்று பெயர் வைத்தார்கள். வெற்றி என்று அர்த்தம். கொழுப்பைப் பாருங்கள்.

என்னைப் பொறியியல் படிக்க வைக்க அப்பா வீட்டுப் பத்திரத்தைத்தான் வங்கியில் வைத்தார். நம்மில் பாதிப் பேர் கதை அதுதானே? அந்தப் பாட்டி எதை வைத்திருப்பார்?

1913 நிலச் சட்டம், மூன்றில் இரண்டு பங்காக இருந்த கறுப்பின மக்களுக்கு ஒதுக்கியது நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதம். பிறகு அது 13 ஆனது. 1953இல் அவர்களுக்கென்று தனியாக மட்டமான பள்ளிக்கல்வி. 1994இல் ஓட்டு வந்தது, பத்திரம் வரவில்லை. 2017 அரசுக் கணக்குப்படி, தனிநபர் பெயரில் உள்ள விவசாய நிலத்தில் 72 சதவீதம் வெள்ளையர்களிடம். மக்கள்தொகையில் அவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அப்புறம் ஆட்சிக்கு வந்தவர்கள் யோக்கியமா என்பீர்கள். இல்லைதான். ஊழலும் மின்வெட்டும் நாமே பார்த்தவை. கறுப்பர்களிலும் ஒரு சிலர் மட்டும் மளமளவென்று மேலே போனார்கள். ஆனால் அந்த அம்மாவின் இரண்டு டாக்சி தூரம் 1955இல் போட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு வேலைக்கு இவ்வளவுதான் என்று நாம் வாட்ஸ்அப்பில் பேசி வைத்த 'ரேட்' இருக்கிறதே, அதில் டாக்சிக் காசு சேரவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அதை நான் தனியாகத் தரப்போகிறேன். ரேட்டைக் கெடுக்கிறான் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்