வலி இல்லை என்று எட்டு மாதம்

ஆசிரியருக்கு,

மார்பகப் புற்றுநோய் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்ததும் இதை எழுதத் தோன்றியது. குளிக்கும்போது அக்காவுக்கு மார்பில் பட்டாணி அளவுக்குக் கட்டி ஒன்று தட்டுப்பட்டிருக்கிறது. கெட்டியாக இருந்தது, அழுத்தினால் நகரவில்லை, வலியும் இல்லை. "வலிச்சாத்தானே பயப்படணும்" என்று எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி குழி குழியாக ஆன பிறகுதான் கதவைச் சாத்திவிட்டு எனக்குக் காட்டினாள்.

ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. நம் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்றும் நம்பியிருந்தோம். பரம்பரை மரபணுக் கோளாறால் வருவது 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தானாம். ஊசி குத்தித் திசு எடுத்தால் நோய் பரவிவிடும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்தினார். அதுவும் தவறு. அந்தப் பயாப்ஸிதான் எந்த வகைப் புற்று, எந்த மருந்து கேட்கும் என்பதைச் சொன்னது.

சரி, எல்லாக் கட்டியும் புற்றா? இல்லை, பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள்தான். ஆனால் அதை மருத்துவர் சோதித்துச் சொல்ல வேண்டும்.

காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் ரத்தம் கசிவது, அக்குளில் நெறி கட்டுவது, இவற்றையும் அடுத்த முறை தயவுசெய்து எழுதுங்கள். அபூர்வமாக ஆண்களுக்கும் வரும் என்பதையும்.

அக்காவுக்கு நாளை நான்காவது கீமோ.

இப்படிக்கு,
ஒரு தங்கை