கர்ப்பிணிக்குக் காய்ச்சலா? மலேரியாவும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழை தொடங்கிவிட்டால் திருப்பூர், கோவைப் பக்கம் காய்ச்சல் என்றாலே டெங்கு பேச்சுதான். பேச வேண்டியதுதான். ஆனால் மாசமாக இருக்கும் பெண்ணுக்கு மலேரியா வந்தால் என்ன ஆகும் என்பதை இங்கே யாரும் வாயெடுப்பதில்லை. கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

நம் பனியன் கம்பெனிகளிலும் நூல் மில்களிலும் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பெண்கள் நிறைய வேலை செய்கிறார்கள். மூன்றுமே மலேரியா அதிகமுள்ள மாநிலங்கள். மலேரியாக் கிருமியில் வைவாக்ஸ் என்ற வகை கல்லீரலில் மாதக்கணக்கில் பதுங்கியிருந்து மறுபடி கிளம்பும். ஊருக்குப் போய் வந்து நாலைந்து மாதம் ஆயிற்றே என்று விட்டுவிட முடியாது. பால்சிபாரம் என்ற இன்னொரு வகை இன்னும் பொல்லாதது. அந்தக் கிருமி புகுந்த ரத்த அணுக்கள் நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்ளும். தாய்க்கு ரத்தசோகை, பிள்ளைக்கு எடைக் குறைவு, குறைப்பிரசவம், சிலருக்குக் கருவே கலைந்துவிடும். அப்படி ஒட்டுவதை எதிர்க்கும் சக்தி முதல் தடவை உடம்பில் இருக்காது, அதனால் தலைப்பிரசவக்காரிகளுக்குத்தான் ஆபத்து அதிகம். போதாததற்கு, கர்ப்பிணிகளைக் கொசு அதிகமாகத் தேடி வரும். ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் செய்த ஆய்வு 2000இல் வெளியானது. மற்றப் பெண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றது.

லைன் வீட்டில் காய்ச்சல் வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று மருந்துக்கடையில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டெங்கு இல்லை என்றதும் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். எந்த ஊர், கடைசியாக எப்போது போய் வந்தாய் என்று கேட்டு, விரலில் குத்தி, கிருமி பார்க்கக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம், அதாவது ஒரு ஸ்லைடு எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசும் கிடையாது. முதல் தடவை கிருமி தெரியாவிட்டாலும் காய்ச்சல் விடவில்லை என்றால் மறுபடி பார்க்க வேண்டும்.

வைவாக்ஸுக்குக் குளோரோகுயின் கர்ப்பத்திலும் கொடுக்கலாம். கல்லீரலில் இருப்பதை ஒழிக்கும் பிரைமாகுயினைக் கர்ப்பத்தில் கொடுக்கக் கூடாது. அது பிரசவத்துக்கு அப்புறம், மருத்துவர் பார்த்துச் சொன்னால்தான். பிரசவத்துக்குச் சொந்த ஊர் போகும் பெண்ணின் தாய் சேய் அட்டையில் மலேரியா வந்ததையும் கொடுத்த மருந்தையும் எழுதிவிடுங்கள், அங்கே இருக்கும் செவிலியர் பார்த்துக்கொள்வார்.

மில் விடுதி நடத்துபவர்கள் கர்ப்பிணிகளுக்கு ஒரு கொசுவலையாவது கொடுக்கட்டும். லைன் வீட்டுக்காரர்கள் மேல்தொட்டியை இறுக மூடட்டும். ஊருக்குள் மலேரியா பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். காய்ச்சலோடு வரும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் மலேரியா ஸ்லைடு கட்டாயம் என்று சுகாதாரத் துறை இந்த மழைக்கு முன்பே உத்தரவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
பல்லடம்.